உள்ளே போ: ‘ஒத்தெல்லோ’வில் கணவர்களும் மனைவிகளும்

பெரம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்துப்போட்டு, அக்கா மகள் செமஸ்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பி.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. பழைய கேள்வித்தாள் ஒன்றில் ஒரு கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் கணவர்கள் மனைவிகளை எப்படி நடத்துகிறார்கள்? அவள் எழுதி வைத்திருந்த பதில் மூன்றே வரி. ஒத்தெல்லோ சந்தேகப் பிராணி, மனைவியைக் கொன்றான். இயாகோ வில்லன், அவனும் மனைவியைக் கொன்றான். பெண்கள் பாவம்.

“தப்பா சித்தி?” என்றாள்.

தப்பில்லை. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதும் முதல் தகவல் அறிக்கை மாதிரி இருந்தது. கொலை நடப்பது கடைசிக் காட்சியில். அதுவரை நாடகம் முழுக்க இந்த ஆண்கள் பெண்டாட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், பெண்டாட்டிகளைத்தான் பேச விடுவதில்லை. பதில் அங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னேன். அன்று சாயங்காலம் காபி ஆறிப்போகும் வரை பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஷேக்ஸ்பியரைத் தொட்டே பார்க்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

முதலில் கதை. ஒத்தெல்லோ வெனிஸ் அரசின் படைத்தளபதி. கறுப்பன், வெளியூர்க்காரன், வீரத்தால் மேலே வந்தவன். பிரபான்சியோ என்ற செனட்டரின் மகள் டெஸ்டிமோனா, வீட்டுக்குத் தெரியாமல் அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தனக்கு வரவேண்டிய துணைத்தளபதி பதவி காசியோ என்ற இளைஞனுக்குப் போய்விட்டது என்ற எரிச்சலில் இருக்கிறான் இயாகோ. இவனுடைய மனைவி எமிலியா, டெஸ்டிமோனாவுக்குத் தோழியாகவும் பணிப்பெண்ணாகவும் கூடவே இருப்பவள். துருக்கியர்கள் சைப்ரஸ் தீவைத் தாக்க வருகிறார்கள் என்று எல்லோரும் அங்கே போகிறார்கள். துருக்கிக் கப்பல்கள் புயலில் சிதறிவிட, போர் நடக்கவே இல்லை. அதற்குப் பதிலாகச் சண்டை வீட்டுக்குள் வருகிறது. டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று இயாகோ ஒத்தெல்லோவின் காதில் ஓதுகிறான். தொலைந்துபோன ஒரு கைக்குட்டை ஆதாரமாகிறது. ஒத்தெல்லோ மனைவியை மூச்சுத் திணறடித்துக் கொல்கிறான். எமிலியா உண்மையைச் சொல்கிறாள், இயாகோ அவளைக் குத்திக் கொல்கிறான். ஒத்தெல்லோ தன்னையே குத்திக்கொண்டு சாகிறான். 1604 நவம்பர் 1 அன்று அரசர் முதலாம் ஜேம்ஸின் அவையில் இது நடிக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது.

நம் ஊரில் ஒத்தெல்லோ என்றால் பழைய ஆட்களுக்கு ‘இரத்தத் திலகம்’ (1963) படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த அந்த நாடகக் காட்சி நினைவுக்கு வரும். சிவாஜியின் கண்ணையும் குரலையும் மறக்க முடியாது. சிக்கலும் அதுதான். கதாநாயகன் உருகும் உருக்கத்தில் நாமும் உருகிவிடுகிறோம், அவன் பக்கத்தில் நின்ற பெண் என்ன சொன்னாள் என்பது காதிலேயே விழுவதில்லை.

சரி, தொடக்கத்துக்கு வருவோம். நடுராத்திரி. பிரபான்சியோ வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று இயாகோ கத்துகிறான்: திருடன், திருடன்! உன் வீட்டைப் பார், மகளைப் பார், பணப்பையைப் பார்! இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டுக்கும் பணப்பைக்கும் நடுவில் மகள். நம் சங்கப் பாடல்களில் களவு என்றால் ஒருவரை ஒருவர் விரும்பி ஊருக்குத் தெரியாமல் பழகுவது. அதில் தலைவியின் மனசுக்குத்தான் முதலிடம். பிரபான்சியோவின் அகராதியில் களவுக்கு ஒரே பொருள்தான், திருட்டு. தன் சொத்து போய்விட்டது என்று அலறிக்கொண்டு அவன் செனட் சபைக்கு ஓடுகிறான். மருந்து வைத்து, மந்திரம் போட்டு என் மகளை மயக்கிவிட்டான் என்பது குற்றச்சாட்டு.

அங்கே ஒத்தெல்லோ செய்வதுதான் இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த செயல். அவளைக் கூப்பிட்டு அனுப்புங்கள், அவள் அப்பா முன்னாலேயே என்னைப் பற்றி அவள் சொல்லட்டும் என்கிறான். அவள் சொல்வதில் நான் கெட்டவன் என்று தெரிந்தால் என் பதவியை மட்டுமல்ல, உயிரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். அதாவது ஒரு பெண்ணின் சாட்சியத்தின் மேல் தன் தலையைப் பணயம் வைக்கிறான். டெஸ்டிமோனா வருகிறாள். அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் தயங்காமல் பேசுகிறாள். அப்பா, உங்களுக்கும் கடமைப்பட்டவள்தான். ஆனால் என் அம்மா தன் அப்பாவைவிட உங்களுக்கு முதலிடம் கொடுத்தாள் இல்லையா, அதே கடமை எனக்கு இவரிடம் இருக்கிறது என்கிறாள். இதற்கு எந்த அப்பாவால் பதில் சொல்ல முடியும்? சபை ஏற்றுக்கொள்கிறது, வழக்கு முடிகிறது. ஒத்தெல்லோ தப்பித்தது அவள் வாயால்.

இதை மனசில் வைத்துக்கொண்டு ஒரே தாவாகக் கடைசி அங்கத்துக்குப் போங்கள். படுக்கையறை. இப்போது குற்றம் சாட்டப்பட்டவள் டெஸ்டிமோனா. நான் உனக்குக் கொடுத்த கைக்குட்டையை நீ காசியோவுக்குக் கொடுத்தாய் என்கிறான் கணவன். அவள் சொல்லும் பதில்: அந்த ஆளைக் கூப்பிட்டு அனுப்புங்கள், கேளுங்கள். முதல் அங்கத்தில் ஒத்தெல்லோ சபையிடம் கேட்டதையேதான் அவளும் கேட்கிறாள். சாட்சியைக் கூப்பிடுங்கள் என்கிறாள், அவ்வளவுதான். அவனோ, காசியோவின் வாயை அடைத்தாயிற்று என்கிறான். (அவனைத் தீர்த்துக்கட்டச் சொல்லியிருந்தான். காசியோ உண்மையில் சாகவில்லை, அது வேறு கதை.) தன் மேல் பழி வந்தபோது அவளுடைய சொல் செல்லுபடியானது. அவள் மேல் பழி வந்தபோது அதே சொல் செல்லாக்காசு.

என் அக்கா மகள் இங்கேதான் பேனாவை எடுத்தாள்.

கணவன் மனைவியை எப்படி நடத்துகிறான் என்று கேட்டால் நாம் உடனே அடித்தானா, திட்டினானா, சோறு போட்டானா என்று பார்க்கிறோம். ஷேக்ஸ்பியர் அதற்கும் முன்னால் இருக்கும் ஒன்றைக் காட்டுகிறார். வீட்டில் ஒரு சிக்கல் வரும்போது அவள் சொல்வதை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்கிறானா, இல்லையா? அடி அதற்குப் பிறகுதான் வருகிறது. அவள் சொல்லுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிட்ட வீட்டில் அடி விழ அதிக நாள் ஆகாது. ஒத்தெல்லோ வீட்டில் இரண்டு நாள்கூட ஆகவில்லை. மேடையில் நடப்பதை வைத்துக் கணக்குப் போட்டால், சைப்ரஸில் கால் வைத்த மறுநாள் ராத்திரியே கொலை நடந்துவிடுகிறது.

“அப்ப அவங்களுக்கு அஃபேர் வச்சுக்க டைமே இல்லையே சித்தி?” என்றாள். அதே கேள்விதான். நாடகத்தில் அதைக் கேட்பது எமிலியா ஒருத்திதான். யாரோடு? எந்த இடத்தில்? எந்த நேரத்தில்? எப்படி? நடக்கச் சாத்தியமாவது உண்டா? நான்காம் அங்கத்தில் அடுக்கடுக்காகக் கேட்கிறாள், ஒரு நல்ல இன்ஸ்பெக்டர் கேட்பது போல. ஒரு படையையே நடத்தும் தளபதிக்கு இவற்றில் ஒன்றுகூடத் தோன்றவில்லை. விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற பாண்டியனைக் கண்ணகி ‘தேரா மன்னா’ என்று அழைத்தாள். தேரா என்றால் ஆராயாத. அங்கே சிலம்பு, இங்கே கைக்குட்டை. ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்களிடம் கேட்காமல் விடுவது மதுரைக்கும் வெனிஸுக்கும் பொது போலிருக்கிறது.

முழுக்கக் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நான்காம் அங்கத்தில் எமிலியாவிடம் விசாரிக்கிறான். நீ ஒன்றும் பார்க்கவில்லையா? அவர்கள் கிசுகிசுத்ததில்லையா? உன்னை வெளியே அனுப்பியதில்லையா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை, அவள் யோக்கியமானவள், என் ஆன்மாவையே பணயம் வைக்கிறேன் என்கிறாள் எமிலியா. எப்போதும் கூடவே இருந்த நேரடி சாட்சி இவள். அவள் வெளியே போனதும், இது எந்தத் தரகுக்காரியும் சொல்வதுதானே என்று தள்ளிவிடுகிறான். முடிவு செய்துவிட்டுக் கேட்பவனுக்கு எந்தப் பதிலும் எதிர்ப்பதில்தான். நம் வீடுகளிலும் ‘உண்மையைச் சொல்லு’ என்று மிரட்டுகிறவர் கேட்க விரும்புவது ஒரே ஒரு உண்மையை மட்டும்தான்.

கைக்குட்டை எப்படித் தொலைந்தது தெரியுமா? அந்தக் காலத்து இங்கிலாந்தில் மனைவி துரோகம் செய்தால் புருஷன் நெற்றியில் கொம்பு முளைக்கும் என்று ஒரு கேலி உண்டு. சந்தேகம் தலைக்கேறிய நேரத்தில் ஒத்தெல்லோ, என் நெற்றியில் வலிக்கிறது என்கிறான். டெஸ்டிமோனாவுக்கு அந்தக் குத்தல் புரியவில்லை. தூக்கமில்லாததால் தலைவலி என்று நினைத்து, கைக்குட்டையால் நெற்றியைக் கட்டிவிடப் போகிறாள். இது சின்னது என்று அவன் தட்டிவிட, கீழே விழுகிறது. அவன் தலைவலிக்குக் கட்டுப்போடப் போன கையிலிருந்து விழுந்த துணியை வைத்துத்தான் அவளைக் குற்றவாளி ஆக்குகிறான். இதே கைக்குட்டைக்கு அவன் இரண்டு வரலாறு சொல்வதையும் பாருங்கள். மனைவியை மிரட்டும்போது, என் அம்மாவுக்கு ஒரு எகிப்தியக்காரி மந்திரித்துக் கொடுத்தது என்கிறான். கொலைக்குப் பிறகு, என் அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்கிறான். கதையை மாற்றிச் சொல்கிறவன் அவன், பொய்க்காரி என்று பெயர் வாங்குகிறவள் அவள்.

அடி விழும் காட்சி நான்காம் அங்கத்தில் வருகிறது. வெனிஸிலிருந்து லொடோவிகோ கடிதத்தோடு வந்திருக்கிறான். டெஸ்டிமோனாவுக்குச் சொந்தக்காரன். அவன் கண் முன்னால் ஒத்தெல்லோ மனைவியைக் கை நீட்டி அடிக்கிறான். நான் இதற்கு எந்தத் தப்பும் செய்யவில்லையே என்கிறாள் அவள். போ இங்கிருந்து என்று விரட்டுகிறான். போகிறாள். லொடோவிகோ திரும்பக் கூப்பிடச் சொல்ல, கூப்பிட்டு வைத்துக்கொண்டு, பாருங்கள் எவ்வளவு கீழ்ப்படிகிறாள் என்று நக்கலடிக்கிறான். மறுபடியும் உள்ளே அனுப்புகிறான்.

இந்த ‘உள்ளே போ’வை நம்மில் பலர் கேட்டிருப்போம். என் சின்ன வயதில் ஒரு உறவினர் வீட்டு விசேஷத்தில், பந்தி நடந்துகொண்டிருந்த இடத்தில், ஏதோ கணக்கைத் திருத்திச் சொன்ன மனைவியைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்தம்மா கையில் இருந்த சாம்பார் வாளியோடு உள்ளே போனார். கணக்கு அவர் சொன்னபடிதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அதை யாரும் போய் அவரிடம் சொல்லவில்லை.

லொடோவிகோவும் அப்படித்தான். வெனிஸில் போய் இதைச் சத்தியம் செய்து சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அதிர்ச்சி அடைகிறான். அவளிடம் சமாதானமாகப் போங்கள், பாவம் அழுகிறாள் என்கிறான். அப்புறம்? அதே வீட்டில் ராத்திரி விருந்து சாப்பிட்டுவிட்டு, நன்றி அம்மணி, நல்லிரவு என்று சொல்லிவிட்டுப் போகிறான். அன்று ராத்திரிதான் கொலை. கணவர்களைப் பற்றிய கேள்விக்கு லொடோவிகோவைப் பற்றியும் ஒரு வரி எழுது என்று அக்கா மகளிடம் சொன்னேன். ‘அது அவங்க குடும்ப விஷயம்’ என்று நினைக்கிற ஒரு நல்ல மனிதர் பக்கத்தில் இருந்தால் போதும், ஒரு ஒத்தெல்லோ தாராளமாக நடமாடலாம்.

இப்போது இன்னொரு வீடு, இயாகோ வீடு. ஒத்தெல்லோ மனைவியைத் தெய்வமாக வைத்துக் கொண்டாடிவிட்டுப் பிறகு கீழே தள்ளுகிறான். இயாகோவிடம் அந்த ஏற்ற இறக்கமே கிடையாது, தொடக்கத்திலிருந்தே இளக்காரம்தான். சைப்ரஸ் துறைமுகத்தில் எல்லோர் முன்னாலும் மனைவியைக் கிண்டல் செய்கிறான். என்னிடம் அவள் நாக்கு எவ்வளவு நீளும் தெரியுமா என்று ஆரம்பித்து, பெண்கள் வெளியே சித்திரப் பாவைகள், அடுப்படியில் காட்டுப்பூனைகள் என்று அடுக்குகிறான். எமிலியா சொல்வது ஒன்றிரண்டு வார்த்தைதான். ‘பெண்டாட்டி ஜோக்’ என்று இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் நானூறு வருஷத்துப் பழைய சரக்கு என்று தெரிந்துகொள்ள இந்தக் காட்சியைப் படிக்கலாம். ஷேக்ஸ்பியர் அந்தக் கிண்டலைக் கொலைகாரன் வாயில் வைத்திருக்கிறார்.

கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்தது எமிலியா. எத்தனையோ தடவை கேட்டானே என்று கணவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அதை வைத்து என்ன செய்வானோ தெரியாது, அவன் ஆசை நிறைவேறட்டும் என்கிறாள். கொண்டுவந்தவளுக்குக் கிடைக்கும் முதல் மரியாதை, முட்டாள் பெண்டாட்டி என்ற குத்தல். அவன் பிடுங்கிக்கொண்டு, போ என்கிறான். பிறகு டெஸ்டிமோனா கைக்குட்டையைத் தேடும்போது, எங்கே என்று தெரியாது அம்மணி என்று எமிலியா பொய் சொல்கிறாள். இந்த இடத்தை மழுப்பக் கூடாது. அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். எமிலியா வெறும் பாதிக்கப்பட்டவள் மட்டுமல்ல, தெரியாமலேயே துணை போனவளும்கூட. புருஷனிடம் ஒரு தடவையாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று தவிக்கிற மனைவி, இன்னொரு பெண்ணுக்கு எதிராக எப்படிக் கருவியாகிறாள் என்பதை இதைவிடக் கச்சிதமாக நான் எங்கேயும் படித்ததில்லை.

ஆனால் எமிலியாவிடம் அனுபவ அறிவு இருக்கிறது. இயாகோ முன்பு இவளையும் ஒத்தெல்லோவையும் சேர்த்துச் சந்தேகப்பட்டவன். அதனால்தான் ஒத்தெல்லோவின் முகம் மாறியதும், இது பொறாமைதானே என்று அவள் சட்டென்று கண்டுபிடிக்கிறாள். அங்கேதான் அந்தப் பெயர்பெற்ற வசனத்தைச் சொல்கிறாள்: இவர்கள் வெறும் வயிறு, நாம் வெறும் சாப்பாடு. பசித்தால் அவசர அவசரமாகத் தின்பார்கள், நிறைந்ததும் ஏப்பம் விடுவார்கள். தமிழில் இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. சொத்தைச் சுருட்டியவனைத்தானே நாம் ஏப்பம் விட்டுவிட்டான் என்கிறோம்?

சொத்து என்ற இந்த நினைப்புதான் இரண்டு வீட்டுக்கும் அடித்தளம். நான் நேசிக்கும் பொருளில் ஒரு மூலையை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டு மற்றதைப் பிறர் பயன்படுத்த விடுவதைவிடத் தேரையாக வாழலாம் என்கிறான் ஒத்தெல்லோ. பொருள் என்றேதான் சொல்கிறான். அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்குத் தனி ஆள் என்ற நிலையே கணவனுக்குள் கரைந்துவிடும். 1351-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணவனைக் கொன்ற மனைவி செய்தது வெறும் கொலை அல்ல, அரசனுக்குச் செய்யும் துரோகத்தின் சிறிய வடிவம்; அதற்கு அவளை எரித்தார்கள். மனைவியைக் கொன்ற கணவன் செய்தது கொலை மட்டுமே. இந்த வேறுபாடு 1828 வரை புத்தகத்தில் இருந்தது. ரொம்பச் சிரிக்காதீர்கள். நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவில், மற்றவன் மனைவியோடு உறவு கொண்டவன் குற்றவாளி, ஆனால் அந்தக் கணவனின் சம்மதம் இருந்தால் குற்றமே இல்லை. யாருடைய பொருளோ அவர் அனுமதித்தால் போதும் என்கிற கணக்கு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2018 செப்டம்பர் 27 அன்று.

ஒத்தெல்லோ கறுப்பன் என்பதால்தான் இப்படி என்று சில பழைய உரைகளில் படித்துவிட்டு எழுதுகிற பிள்ளைகள் உண்டு. அது வேண்டாம். நிறம் இந்தக் கதையில் முக்கியம்தான், ஆனால் வேறு விதத்தில். வெனிஸ் பெண்கள் புருஷனுக்குத் தெரியாமல் என்னவெல்லாம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், நான் இந்த ஊர்க்காரன் என்று இயாகோ சொல்லும்போது, வெளியூர்க்காரன் ஒத்தெல்லோ ஆடிப்போகிறான். கூடவே மாமனார் விட்டுப்போன சாபம் ஒன்று இருக்கிறது: அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம். இயாகோ அதையும் எடுத்து நீட்டுகிறான். சாதி பார்த்து ஒதுக்கப்பட்ட மாப்பிள்ளை மனசில் எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வலி ஏன் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் வெனிஸ்காரனான, வெள்ளைக்காரனான, அந்த வலி எதுவும் இல்லாத இயாகோவும் மனைவியைக் கொல்கிறானே? நிறத்தை மட்டும் காரணம் சொன்னால் இரண்டாவது கொலைக்கு விளக்கமே இருக்காது.

காசியோ கணவன் இல்லை, ஆனால் ஒரு வார்த்தை. டெஸ்டிமோனா கப்பலை விட்டு இறங்கும்போது எல்லோரும் மண்டியிடுங்கள் என்கிறவன், தன்னைக் காதலிக்கும் பியாங்காவைப் பற்றி நண்பனிடம் சிரித்துக் கேலி செய்கிறான். தளபதி வரும் நேரத்தில் நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்காது, போ என்கிறான். அவனும் ‘போ’தான்.

நான்காம் அங்கத்தின் கடைசியில் ஒரு அமைதியான காட்சி. எமிலியா, டெஸ்டிமோனாவைப் படுக்கைக்குத் தயார் செய்கிறாள். ஆண்கள் யாரும் இல்லை, இரண்டு பெண்கள் மட்டும். காதலன் கைவிட்டதால் செத்துப்போன ஒரு வேலைக்காரப் பெண் பாடிய ‘வில்லோ’ பாட்டு ஒன்று உண்டு. அலரிச்செடிப் பாட்டு என்று சிலர் மொழிபெயர்ப்பார்கள். அது அலரி இல்லை, நீரோரம் தொங்கும் வேறொரு மரம், அங்கே சோகத்துக்கு அடையாளம். அதை டெஸ்டிமோனா பாடுகிறாள். கணவனுக்குத் துரோகம் செய்யும் பெண்கள் நிஜமாகவே உண்டா என்று குழந்தை மாதிரி கேட்கிறாள். எமிலியா பதில் சொல்கிறாள்: மனைவிகள் தவறினால் அது கணவர்களின் தப்பு என்றே நினைக்கிறேன். தங்கள் கடமையை மறக்கிறார்கள், பொறாமையில் நம்மை அடைத்து வைக்கிறார்கள், அடிக்கிறார்கள். மனைவிக்கும் அவர்களைப் போலவே உணர்வு உண்டு என்று தெரிந்துகொள்ளட்டும். அவளும் பார்க்கிறாள், முகர்கிறாள், இனிப்பும் புளிப்பும் அவள் நாக்குக்கும் தெரியும்.

இந்தப் பேச்சுக்கு ஒரு விசித்திரமான வரலாறு. நாடகம் முதன்முதலில் தனிப் புத்தகமாக அச்சானது 1622-இல். அதில் இந்தப் பேச்சும் இல்லை, அந்தப் பாட்டும் இல்லை. அடுத்த ஆண்டு, 1623-இல் வந்த பெரிய தொகுப்பில்தான் இரண்டும் இருக்கின்றன. ஏன் இப்படி என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். புத்தகத்திலும்கூட எமிலியா ஒரு வருஷம் வாய் பேசாமல் இருந்திருக்கிறாள் என்று நான் என் பங்குக்குச் சொல்லிக்கொள்வேன். இன்னொன்று, இந்த வசனங்களை முதலில் மேடையில் பேசியவர்கள் பெண்களே அல்ல, பெண் வேடமிட்ட பையன்கள். லண்டன் மேடையில் ஒரு பெண் டெஸ்டிமோனாவாக நடித்தது 1660 டிசம்பர் 8 அன்றுதான். நம் சென்னையிலும், 1891-இல் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் நாயகி வேடங்களைக் கட்டியவர்கள் ஆண்கள்.

கடைசிக் காட்சியை அக்கா மகளையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டு பெண்களின் குரலும் இங்கே எதிரெதிராகப் போகின்றன. செனட் சபையில் கணீரென்று பேசிய டெஸ்டிமோனா இப்போது உயிர் போகும் நேரத்தில், உன்னைக் கொன்றது யார் என்று எமிலியா கேட்க, யாருமில்லை, நானேதான் என்கிறாள். கொன்றவனைக் காப்பாற்றத்தான் அவளுடைய கடைசி வார்த்தை செலவாகிறது. துறைமுகத்தில் ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் வாய் திறக்காத எமிலியாவோ இப்போது நிறுத்துவதாக இல்லை. இயாகோதான் சொன்னான் என்று ஒத்தெல்லோ சொல்லும்போது, என் புருஷனா, என் புருஷனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவளுக்குள் கைக்குட்டைக் கணக்கு அப்போதுதான் கூடிவருகிறது. இயாகோ நாக்கை அடக்கு என்கிறான். அடக்க மாட்டேன், பேசியே ஆக வேண்டும் என்கிறாள். சுற்றி நிற்கும் ஆண்களிடம் அனுமதி கேட்பதுபோலச் சொல்கிறாள்: நான் இவருக்குக் கீழ்ப்படிவதுதான் முறை, ஆனால் இப்போது இல்லை. ஒருவேளை இனி நான் வீட்டுக்கே போகமாட்டேன், இயாகோ.

புத்தியோடு நடந்துகொள், வீட்டுக்குப் போ என்கிறான் அவன். மாட்டேன் என்கிறாள். கத்தியை உருவுகிறான். பெண் மேலா கத்தி என்று பிரபான்சியோவின் சகோதரன் கிராஷியானோ கேட்கிறான், கேட்பதோடு சரி. கைக்குட்டையை எடுத்ததும் நான், கொடுத்ததும் நான் என்று அவள் சொல்லி முடிக்கிறாள். குத்திவிட்டு ஓடுகிறான் இயாகோ. என்னை அம்மணியின் பக்கத்தில் கிடத்துங்கள் என்பது அவள் வேண்டுகோள். அப்படிக் கிடத்தினார்களா என்று சொல்லும் வசனம் யாருக்கும் இல்லை. அதை நாடகம் போடுகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு ஒத்தெல்லோ ஒரு கேள்வி கேட்கிறான். காசியோ, என் மனைவியின் கைக்குட்டை உன்னிடம் எப்படி வந்தது? என் அறையில் கிடந்தது என்கிறான் காசியோ. ஒரு வரிக் கேள்வி, ஒரு வரிப் பதில். பிறகு ஒத்தெல்லோவும் குத்திக்கொண்டு சாய, லொடோவிகோ படுக்கைத் திரையை மூடச் சொல்கிறான். வீட்டையும் சொத்தையும் கிராஷியானோ எடுத்துக்கொள்ளட்டும், அவருக்குத்தான் சேரும் என்கிறான். நடந்ததை அரசிடம் சொல்லக் கப்பல் ஏறுகிறான்.

அக்கா மகள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சித்தி, எமிலியா பேரையே யாரும் சொல்லலையே?” என்றாள். பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டு, பழைய மூன்று வரியை அடித்துவிட்டு, முதல் வரியிலேயே அந்தப் பேரை எழுதினாள்.